குடமும் குயவனும்: கடவுளுண்மைக்குக் காட்டப்படும் அனுமானம் பற்றியோர் ஆய்வு

கடவுள் உண்டென்னும் நம்பிக்கை பல சமயங்கட்கும் பொது. அந்நம்பிக்கைக்குக் காட்டப்படும் ஆதாரமோ ஒரு தன்மைத்தன்று. இறைவன் அருளிய நூல் கூறிற்றாதலின் உண்டென்பார் ஒருசாரார். அனுபவத்தால் உணர்ந்தாம் என்பார் மற்றொருசாரார். கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணரும் அனுமானத்தாலேயே நிறுவலாம் என்பார் பிறிதொருசாரார். இம்மூன்றாம் நெறியே நெடுங்காலமாக வாதத்துக்கு இடமாயிற்று. குடம் செய்யப்பட்ட பொருள். அதனைச் செய்த குயவன் ஒருவன் உளன். உலகமும் செய்யப்பட்ட பொருள். ஆகவே அதனைச் செய்தான் ஒருவன் உளன் என்பதே அவ்வனுமானத்தின் சுருக்கம். இஃது எத்துணைத் தூரம் செல்லும், எவ்விடத்தே நின்றுவிடும் என்று வரையறுத்தறிதல் நம்புவோர்க்கும் நம்பாதோர்க்கும் ஒருங்கே பயன்படுவதாகும்.

இவ்வனுமானம் ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. நையாயிகருள் தலைசிறந்த உதயனர், 10 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடவுளுண்மையை நாட்டுதற்கென்றே நியாய குசுமாஞ்சலி என்னும் நூலை ஐந்து பகுதிகளாக யாத்தார். அதன் இறுதிப் பகுதியில் அவர் அடுக்கும் ஏதுக்களுள் முதலாவது, உலகு காரியப் பொருள் என்பதே. 1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தொடக்கமுடைய பொருளெல்லாம் தொடக்குவோனை வேண்டும் என்றும், உலகு தொடக்கமுடையது என்றும் வாதித்தார். 13 ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் காட்டிய ஐந்து வழிகளுள் ஒன்று, காரணத் தொடர் முதற் காரணம் ஒன்றில் முடியவேண்டும் என்பது. நாட்டாலும் மொழியாலும் வேறுபட்ட இம்மூவரும் ஏறக்குறைய ஒரே படியிலேறினர் என்பது கருதத்தக்கது.

இவ்வனுமானத்தை மறுத்தோருள் பௌத்தப் பேராசிரியராகிய தர்மகீர்த்தி முதற்கண் வைத்தெண்ணத்தக்கவர். உதயனருக்கு முன்னரே, 7 ஆம் நூற்றாண்டில், அவர் தடை நிகழ்த்தினார். குடம் மண்ணின் விகாரம். அதனைக் குயவன் செய்தான். கறையான் புற்றும் மண்ணின் விகாரமே. அதனையும் குயவன் செய்தான் என்று அனுமானிக்கலாமோ என்பது அவர் வினா. வடிவுடைமை என்னும் பொதுச் சொல்லால் இருவேறு பொருள்கள் ஒன்றாகிவிடா. குயவன் வனையக் கண்டமையாற் குடத்துக்குக் கர்த்தா உண்டென்கிறோம். மலையையும் கடலையும் ஒருவன் வனையக் கண்டார் இலர். இத்தடையின் வன்மை பிற்காலத்து மேலும் விளங்கிற்று. 1802 இல் வில்லியம் பேலி, கடிகாரத்தின் அமைப்புக் கடிகாரஞ் செய்வோனைக் காட்டுமாறுபோல உயிர்களின் உடலமைப்புக் கடவுளைக் காட்டும் என்றார். 1859 இல் சார்ல்ஸ் டார்வின், அவ்வமைப்பு இயற்கைத் தேர்வினாற் படிப்படியே அமைதல் கூடும் எனக் காட்டினார். உறுப்பின் நுட்பமொன்றையே சான்றாகக் கொண்டு நின்ற வாதம் அன்றே தளர்ந்தது.

எனினும், இவ்வனுமானத்தை மறுத்தோர் அனைவரும் கடவுளை மறுத்தோரல்லர் என்பது பலராலும் மறக்கப்படும் உண்மையாம். பிரமசூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு உரைகண்டவிடத்து, இராமாநுசர் இவ்வாதத்தை முற்றாகக் களைந்தார். உலகு செய்யப்பட்டதென்றே கொள்ளினும் செய்தவன் ஒருவனே என்பது எவ்வாறு பெறப்படும்? பலர், பல காலத்திற் செய்திருத்தலும் கூடும். குயவன் உடம்புடையவன், கன்மத்துக்கு உட்பட்டவன். உவமையைப் பற்றிச் சென்றால் உலகைச் செய்தவனும் அத்தகையனாதல் வேண்டும். ஆகலின் பிரமத்தை அறிதற்குச் சாத்திரமே பிரமாணம் என்பது அவர் முடிபு. பல நூற்றாண்டுகள் கழித்து ஸ்கொத்லாந்தில் டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்தபின் 1779 இல் வெளிவந்த இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்களிலும் இதே தடை காணப்படுகின்றது. ஒரு வீட்டையோ கப்பலையோ பலர் கூடிச் செய்தல்போல உலகையும் பலர் செய்திருக்கலாகாதோ என்று அங்கே வினவப்படுகின்றது. ஒருவர் பத்தியிற் பழுத்த ஆசாரியர், மற்றவர் ஐயவாதி. ஒரே தடை ஒருவரைத் திருமாலின் திருவடிக்கும் மற்றவரை ஐயத்துக்கும் செலுத்திற்று. இதனால் விளங்குவது யாதெனின், வாதம் வீழ்தல் வேறு, கடவுள் இல்லையாதல் வேறு என்பதாம்.

1781 இல் வெளியிட்ட தூய அறிவின் ஆராய்ச்சியில் இம்மானுவேல் கான்ற் மேலுமோர் எல்லை குறித்தார். உலகின் ஒழுங்கு காட்டும் வாதம் முற்றும் வென்றாலும், கிடைத்த பொருளைக்கொண்டு வகுக்கும் சிற்பி ஒருவனையே அது காட்டும். அப்பொருளையும் இல்லாமையினின்று படைத்த கடவுளைக் காட்டாது என்றார். இல்லதினின்று படைப்புக் கூறும் சமயங்கட்கு இத்தடை வலியது. சைவ சித்தாந்தத்தின் நிலையோ ஈண்டு வேறுபடுகின்றது. மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணன் என்பர் சித்தாந்திகள். மண்ணும் திகிரியும் குயவனும் என்னும் உவமை அவர்க்கே முற்றும் பொருந்துவது. பிறர்க்குக் குறையாகக் கான்ற் எடுத்துக் காட்டியது இவர்க்குக் கொள்கையாகவே உள்ளது.

சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் மெய்கண்டார் பிறிதொரு நுட்பமும் அமைத்தார். தோற்றத்தையன்றி ஒடுக்கத்தை அவர் பற்றினார். எல்லாம் ஒடுங்கிய காலத்தும் ஒடுங்காது நிற்பவன் எவனோ, அவனே மீளத் தோற்றுவிக்கும் முதல்வன் என்றமையால், கர்த்தாக்கள் பலராகலாம் என்னும் தடைக்கு விடை கிடைக்கின்றது. ஆயினும் நடுநிலை பிறழாது நோக்குமிடத்து, இவ்விடையும் ஓரிடத்து நின்றுவிடுதல் புலனாகும். பொருள்கள் பகுதி பகுதியாக அழிதல் காணப்படுவது. உலகனைத்தும் ஒருங்கே ஒடுங்குதல் காணப்படாதது. உலகம் என்றும் இவ்வாறே உள்ளது என்ற மீமாஞ்சகர் இதனையே மறுத்தனர். முற்றொடுக்கத்தை ஐயமின்றிக் கொள்ளுதற்கு ஆகமத்தின் துணை வேண்டப்படும். ஆகவே சித்தாந்தத்தின் அனுமானம் ஏனையவற்றினும் இசைவுடையதேயெனினும், தனித்து நிற்பதன்று.

அற்றேல், அனுமானம் பயனற்றதோ எனின், அன்று. கடவுள் நம்பிக்கை அறிவொடு முரணியதன்று என்று காட்டுதல் அதன் பணி. அப்பணியை அது செவ்விதிற் செய்யும். நம்பிக்கையைப் பிறப்பித்தல் அதன் பணியன்று. இப்பணி வேறுபாட்டைக் காணாமையால் இருவகைக் கேடு விளைகின்றது. வாதத்தின்மீதே நம்பிக்கையை ஏற்றிவைத்தவன், வாதம் உடைந்த அன்றே நம்பிக்கையையும் இழக்கின்றான். வாதமே வேண்டாவென்று தள்ளியவன், மூடக்கொள்கையையும் மெய்ச்சமயத்தையும் வேறுபிரித்தறியும் கருவியை இழக்கின்றான். பல துறை நூல்களையும் பயிலும் மாணாக்கர்க்கு இவ்விரண்டும் அயலே உள்ள இடர்களாம்.

இவ்வுண்மையைப் பெரியோர் அறிந்தேயிருந்தனர். அறிவின் அடிப்படைகளையே ஐயுற்று வருந்திய காலத்துத் தம்மை மீட்டது வாதங்களின் அடுக்கன்று, இறைவன் நெஞ்சிற் பாய்ச்சிய ஒளியே என்று கஸ்ஸாலி தம் வரலாற்றிற் கூறினார். கடவுளைத் தூய அறிவால் நிறுவுதல் இயலாதென்ற கான்ற், 1788 இல், அறவாழ்வு வேண்டிநிற்கும் கோட்பாடாகக் கடவுளை ஏற்றார். மெய்கண்டார் நூலின் அமைப்பும் இதனையே உணர்த்தும். பன்னிரண்டு சூத்திரங்களுள் முதலாவது அனுமானத்தால் முதல்வனை நிறுவுகின்றது. பதினொன்றாவது அன்பினையும், பன்னிரண்டாவது அடியார் கூட்டத்தையும் ஆலய வழிபாட்டையும் சொல்லுகின்றன. தருக்கத்திற் புகுந்த நூல் தொழுகையில் முடிகின்றது. குயவன் உளன் என்று குடத்தைக்கொண்டு துணியலாம். அவனை அறிந்து அன்பு செய்தற்கோ அவனையே சென்று அடைதல் வேண்டும்.