லிங்கேசனின் ஊசி

ஆவடியில் நான் போகிற ஜிம்மின் சுவரில் மூன்று படங்கள். ஆஞ்சநேயர், அர்னால்டு, அப்புறம் 'ஐ' விக்ரம். சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை விழும். ஆனால் பையன்கள் செட்டுக்கு நடுவில் நின்று பார்ப்பது மூன்றாவது படத்தைத்தான். அர்னால்டு எட்டாத தூரம். லிங்கேசன் நம்ம ஏரியா, நம்ம பாஷை. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவன் தெருவில் போய் இறங்கிவிடலாம்.

2015 பொங்கலுக்கு ஷங்கரின் 'ஐ' வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. நாற்காலி தந்த தொப்பை. படம் பார்த்துவிட்டு ஜிம்மில் சேர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு நான்கு பவர்லிஃப்டிங் போட்டி, இரண்டு பாடிபில்டிங் மேடை. எதிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி பரிசு இல்லை. சமீபத்தில் படத்தை மறுபடி பார்த்தேன். என்னை ஜிம்முக்கு அனுப்பிய படம் ஜிம்மைப் பற்றி எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மனிதனைக் கூனனாக்கும் வைரஸைச் சொல்லவில்லை. அது கதை, இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் அந்தச் சண்டை. மிஸ்டர் தமிழ்நாடு போட்டிக்கு முன்னால் எதிராளி ரவியும் அவன் ஆட்களும் லிங்கேசனோடு மோதுகிறார்கள். ரவியாக வருபவர் காமராஜ், நிஜமான பாடிபில்டர். விக்ரம் இந்தப் படத்துக்காக உடம்பை ஏற்றினார், பிறகு எலும்பும் தோலுமாக இறக்கினார்; அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஆனாலும் காமராஜ் பக்கத்தில் அவர் நிற்கும்போது, இரண்டு வருடம் மேடைப்பக்கம் நின்ற எவனுக்கும் யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்துவிடும். கேமரா அதை மறைக்கப் படாத பாடு படுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது வேறொரு விஷயத்துக்காக. போட்டி நெருங்கிய நேரத்தில் இத்தனை பேருக்குச் சண்டை போடத் தெம்பு எங்கிருந்து வந்தது?

மேடைக்குத் தயாராவது என்றால் பன்னிரண்டு, பதினாறு வாரம் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பது. முதலில் கொழுப்பு, அப்புறம் மாவுச்சத்து, கடைசி நாட்களில் சிலர் உப்பையும் தண்ணீரையும்கூட நிறுத்துகிறார்கள். என் கதையைச் சொல்கிறேன். பவர்லிஃப்டிங்கில் 74 கிலோ பிரிவில் 180 கிலோ ஸ்குவாட் அடித்தேன். எட்டு மாதம் கழித்து 66 கிலோ எடையில் கலர் அடித்துக்கொண்டு மேடையில் நின்றேன். வயிற்றில் கட்டம் கட்டமாக, தொடையில் கோடு கோடாக. அன்றைக்கு என்னைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு பலசாலியாகத் தெரிந்திருப்பேன். அதற்கு நாலு நாள் முன்னால் 140 கிலோவில் உட்கார்ந்து எழ முடியாமல் மாஸ்டர் பின்னால் இருந்து தூக்கிவிட்டார். வீட்டில் தண்ணி கேனை டிஸ்பென்சரில் கவிழ்க்க அம்மா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டாள். "என்னடா பாடி இது, கேன் தூக்க முடியாத பாடி" என்றாள். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

மாஸ்டர் ஆரம்பத்திலேயே சொன்னார்: "ரெண்டு தோணில கால் வெக்காத தம்பி." இரண்டும் ஒரே இரும்புதான், ஆனால் கேட்பது வேறு வேறு. பாடிபில்டிங்கில் நடுவர்கள் உன்னைப் பார்க்கிறார்கள். பவர்லிஃப்டிங்கில் மூன்று நடுவர்கள் பாரைப் பார்க்கிறார்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே இறங்கினதா, நெஞ்சில் பார் அசையாமல் நின்றதா, அவ்வளவுதான் கேள்வி. மூன்றில் இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பரந்தாமனாக இருந்தாலும் தொப்பையப்பனாக இருந்தாலும் சிவப்பு சிவப்புதான். நான் கோடிங் வேலை பார்ப்பவன் என்பதாலோ என்னவோ, இந்த உண்டு-இல்லை எனக்குப் பிடித்திருந்தது. முதல் போட்டியில் இரண்டு சிவப்பு வாங்கினேன், ஆழம் போதவில்லை. ஜிம் கண்ணாடியில் ஆழமாகத்தான் தெரிந்திருந்தது.

இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: இளவட்டக்கல். திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளை மாதிரி ஊர்களில் பொங்கலுக்கு இன்றும் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். வழுவழுவென்று பிடி இல்லாத உருண்டைக் கல். முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் சாய்த்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். தூக்குகிறவன் சட்டை போட்டிருக்கிறானா, வயிறு தள்ளியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கல் ஏறியதா என்பதே பேச்சு. தமிழ் சினிமாவுக்கு இந்தப் பலம் பிடிபடுவதே இல்லை. அதற்குப் பலம் என்றால் சட்டை கிழிய வேண்டும், உள்ளே கட்டம் தெரிய வேண்டும்.

இரண்டையும் ஒரே உடம்பில் வைத்திருந்தவர்கள் இல்லாமல் இல்லை. சார்தீனியாவில் பிறந்த ஃபிராங்கோ கொலம்பு 1976லும் 1981லும் மிஸ்டர் ஒலிம்பியா ஆனார், 340 கிலோ டெட்லிஃப்ட் அடித்தார். 1977ல் வந்த 'பம்பிங் அயர்ன்' ஆவணப்படத்தில் ஒரு காரை விளிம்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்துவார். அதே வருடம் உலக பலசாலிப் போட்டியில் முதுகில் ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு ஓடியபோது அவர் கால் மடங்கிய காட்சியும் இருக்கிறது. பார்க்க மனசு வராது. 1998 முதல் 2005 வரை தொடர்ந்து எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆன ரோனி கோல்மன் 800 பவுண்டை, அதாவது ஏறக்குறைய 363 கிலோவை, இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். இன்று முதுகிலும் இடுப்பிலும் பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. இவர்களை யாரும் சதி செய்து வீழ்த்தவில்லை. தூக்கினார்கள், தேய்ந்தார்கள்.

'ஐ'யில் என் உண்மையான சண்டை இங்கேதான். லிங்கேசனின் உடம்பு கெடுவது ஊசியால். அந்த ஊசிக்குப் பின்னால் ஒரு மாடல், ஒரு முதலாளி, ஒரு மேக்கப் கலைஞர், தோற்றுப்போன பாடிபில்டர், கூடவே ஒரு டாக்டர். ஐந்து பேர் கூடிச் சதி செய்தால்தான் ஒரு பாடிபில்டரின் உடம்புக்குள் ஊசி போகும் என்று படம் நம்புகிறது. எங்கள் பக்கத்து ஜிம் எதிலாவது ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்த யாரும் இப்படி ஒரு திரைக்கதை எழுத மாட்டார்கள். ஊசியை வில்லன் போடுவதில்லை. காசு சேர்த்து, கடன் வாங்கி, பாத்ரூம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அவனவனே போட்டுக்கொள்கிறான்.

ஏன் போடுகிறான்? 'ஆசை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது அம்பத்தூர் ஐடி பார்க்கில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சுலபம். ஆவடியில் ஒரு தலைமுறைக்கு டாங்க் ஃபேக்டரி இருந்தது, குளோத்திங் ஃபேக்டரி இருந்தது. அப்பா ஹெச்.வி.எஃப். என்றால் பெண் கொடுப்பார்கள். 2021 அக்டோபரில் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையனுக்கு இன்னும் 'கவர்மென்ட் வேலை'தான் வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, ராணுவம் என்று ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. அதில் நுழைய மெடல் வேண்டும். மெடலுக்கு உடம்பு வேண்டும், அதுவும் இருபத்தைந்து வயதுக்குள். முட்டையும் சிக்கனும் வாங்கவே அக்கா சம்பளத்தில் கை வைக்கிறவனுக்கு, மூன்று வருட உழைப்பை ஒரே வருடத்தில் தரும் என்று ஒருவன் குப்பியை நீட்டினால் அது ஆசை இல்லை, கணக்கு.

எனக்கும் நீட்டினார்கள். மூன்று வாரம் லேப்டாப் பையில் இருந்தது அந்தக் குப்பி. போடவில்லை. ஒழுக்கம் காரணம் என்று எழுத இந்த இடத்தில் கை பரபரக்கிறது. மேடையில் ஜெயித்து வாங்க வேண்டிய வேலை எனக்கு எதுவும் இல்லை, அதுதான் காரணம். மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும்.

இந்த இடத்தை ஷங்கர் தொட்டிருந்தால் 'ஐ' வேறு படம் ஆகியிருக்கும். லிங்கேசனுக்கு மிஸ்டர் இந்தியா கனவு உண்டு. தியாவுக்காக அதை விட்டுவிடுகிறான். அந்த விடுதல் படத்தில் ஒரு பாட்டு நேரம்கூட நிற்கவில்லை. குப்பத்துப் பையன் ஒருவன் அத்தனை வருட முட்டையை, அத்தனை விடிகாலையை விட்டுக்கொடுக்கிறான் என்றால் அது காதலைவிடப் பெரிய கதை. அதைத் தாண்டிக் கேமரா விளம்பரப் படப்பிடிப்புக்குப் போய்விடுகிறது. படத்துக்கு உடம்பு என்பதே விளம்பரம்தானே.

அதனால்தான் பழிவாங்கலும் அப்படி இருக்கிறது. லிங்கேசன் யாரையும் சும்மா கொல்வதில்லை, அசிங்கமாக்குகிறான். ஒருவனைத் தீயில், ஒருவனைத் தேனீயிடம். நல்லவன் அழகன், கெட்டவனுக்கு அசிங்கம் தண்டனை. திருநங்கைப் பாத்திரத்தைப் படம் கேலிப்பொருளாக நடத்தியதற்கு அப்போதே எதிர்ப்பு வந்தது. அந்தக் கேலியும் இதே கணக்கிலிருந்து பிறந்ததுதான். கூனன் முகத்தைப் பார்த்து நாம் இரங்குவதற்குக் காரணம், அவன் முன்னால் அழகாக இருந்தான் என்பது மட்டுமே. 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ரஞ்சித், கபிலனைத் தொப்பையோடு கொஞ்ச நேரமாவது விட்டு வைத்தார். குடித்து ஊதிப்போன உடம்பில் அவனே அவனுக்குச் செய்துகொண்டது தெரிந்தது. அதுவும் கடைசியில் ஜெயிக்கிற கதைதான், இருந்தாலும் அந்த இருபது நிமிடம் நிஜம்.

'ஐ' முடிந்து பெயர்கள் ஓடும்போது லிங்கேசன் சிகிச்சையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஆளாகிறான். தியேட்டரில் அன்றைக்கு விசில் அடித்தவர்களில் நானும் உண்டு. இந்த முறை ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து ஜிம் பெஞ்சில் உட்கார்ந்து போனில் பார்த்தோம், நாலைந்து பேர். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, அந்த வைரஸ் நெஜமாவே இருக்கா?"

அவனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார் எங்கள் அண்ணன் ஒருவர். பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் மாவட்ட அளவில் மேடை ஏறியவர், நாங்கள் எல்லாம் போஸ் கொடுக்கக் கற்றது அவரிடம்தான். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். காரணம் இதுதான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, அவரும் சொன்னதில்லை. ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்து பையன்களுக்கு ரெப்ஸ் எண்ணுவார்.

"அதெல்லாம் சினிமா தம்பி" என்றார். "போ, இன்னும் ரெண்டு செட் பாக்கி இருக்கு."