பாட்டில் இல்லாத பெயர்

கோவலனையும் மாதவியையும் பிரித்தது ஒரு பாட்டு. இந்திரவிழாவின் முடிவில், புகார்க் கடற்கரையில், ஒரே யாழை மாறி மாறி மீட்டி இருவரும் பாடினர். பாட்டு முடிந்தபோது காதலும் முடிந்திருந்தது. யாழிசையை வாயிலாகக் கொண்டு ஊழ்வினை வந்து சினந்தது என்பது இளங்கோவடிகள் வாக்கு. அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்த வாயிலைத் திறந்துவிட்டவர் யார் என்பதையும் கானல்வரியிலேயே அடிகள் காட்டியிருக்கிறார்.

யாழைத் திருத்திக் கோவலன் கையில் கொடுத்தவள் மாதவி. அவன் காவிரியைப் பாடத் தொடங்கினான். சோழன் கங்கையைக் கூடினாலும் குமரியைக் கூடினாலும் காவிரி ஊடுவதில்லை. அதுவே மகளிரின் பெருங்கற்பு என்றான். பின்னர், நெய்தல் நிலத்துப் பெண்ணொருத்தியின் கண்ணுக்கு இரையான ஆடவனின் வேட்கையைப் பாடினான். இவனுக்கு வேறொரு குறிப்பு உண்டு போலும் என்று எண்ணினாள் மாதவி. உள்ளே ஊடல், வெளியே மகிழ்ச்சி. தன் நெஞ்சில் வேறு குறிப்பு ஏதும் இல்லாதபோதும், இருப்பவள் போலவே யாழை வாங்கிப் பாடினாள்.

அவளும் காவிரியையே முதலில் பாடினாள். தன் கணவனின் செங்கோல் வளையாததனால் அன்றோ காவிரி இத்துணைப் பெருமிதமாக நடக்கிறாள் என்பது அவள் பாட்டின் கருத்து. ஆறும் அதுவே, அரசனும் அவனே. அவன் மனைவியின் பொறுமையைப் போற்றினான். இவள் கணவனின் கோடாமையைப் போற்றினாள். செவியுடையவனுக்கு அந்த விடை ஒன்றே போதும். கோவலனோ அதைத் தவறவிட்டான். அடுத்து அவள் பாடிய, மாலைப் பொழுதில் தனித்து வருந்தும் தலைவியின் துயரத்தை அவளது சொந்த வாக்குமூலமாகவே கொண்டான்.

அன்புடைய ஐந்திணைப் பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. அகப்பாட்டில் வரும் ‘யான்’ பாடுபவரின் பெயர் அன்று. கோவலன் இதனை அறியாதவனும் அல்லன். தான் பாடியது கானல்வரி என்றும், அவள் பாடியது வேறொருவன்மேல் மனம் வைத்த மாயம் என்றும் அவன் கூறுவதைக் காண்கிறோம். தன் பாட்டு கலை. அவள் பாட்டுக் குற்றம்! ஒரே மரபுக்கு இரண்டு அளவுகோல்கள். முதலில் ஐயுற்றவள் மாதவியே என்பதையும் நடுநிலையோடு கூறத்தான் வேண்டும். ஆனால் அவள் தன் ஐயத்துக்குப் பாட்டால் விடை தந்தாள். அவனோ எழுந்து போனான். காதலன் இன்றித் தனியே வண்டியேறி மனை திரும்பினாள் அவள்.

உ. வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில் அடியார்க்குநல்லார் உரையும் அடங்கும். எனினும் கானல்வரிக்கு அவர் உரை கிடைக்கவில்லை. பொருள் கொள்வதில் நேர்ந்த பிழையைச் சொல்லும் பகுதிக்கே உரை இல்லாமற் போனமை நம் பொறுப்பை மிகுவிக்கிறது.

பிரிந்தபின் மாதவி இரண்டு மடல்கள் விடுத்தாள். தாழையின் வெண்தோட்டில், செம்பஞ்சுக் குழம்பு தொட்டு, பித்திகை அரும்பால் எழுதிய முதல் மடலைக் கோவலன் வாங்கவும் மறுத்தான். இரண்டாம் மடல், மதுரைக்குச் செல்லும் வழியில், கோசிகன் கையால் வந்தது. தான் செய்த பிழை யாதென்று அறியாமல் அதில் அவள் வருந்தியிருந்தாள். அதைப் படித்தவன், தீது அவளுடையதன்று, தன்னுடையதே எனத் தெளிந்தான். அம்மட்டோ? அம்மடலின் சொற்கள் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்தக் கண்டு, அதையே அவர்களிடம் சேர்ப்பிக்கச் சொன்னான்.

அடிகளின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. எவர் பெயரும் இல்லாத பாட்டில் ஒரு பெயரைத் தேடிப் பிரிந்தவன், தன் பெயருக்கே வந்த மடலில் எல்லோருக்கும் உரிய துயரைக் கண்டான். கேட்கக் கற்றுக்கொண்டான், ஆனால், திரும்பிச் செல்ல வழியில்லை. மதுரையில் கொலைவாள் காத்திருந்தது. அவன் முடிவைக் கேட்ட மாதவி துறவு பூண்டாள்.

ஊர்விட்டு ஊர் வந்து, நெடுங்காலம் மடல்களாலேயே உறவைப் பேணிய குடும்பங்கள் நம்முடையவை. ஒரு வரியைத் தவறாகப் படித்ததால் ஆண்டுக்கணக்கில் பேச்சு நின்றுபோன வீடுகளும் நமக்குப் புதியன அல்ல. பாட்டாயினும் மடலாயினும், சொன்னவர் நெஞ்சை ஒருமுறை கேட்டறிந்தபின் எழுந்து போவது நன்று. கோவலன் கேட்காமல் எழுந்தான்; புகாரின் இரண்டு மனைகளும் பாழாயின.