ஹாக்கரின் பதக்கங்கள் சொல்வதும் சொல்லாததும்

லேனோ ஹாக்கர் பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தவர். 1913இல் விமானி சான்றிதழ் பெற்றார். 1914இல் ராயல் ஃப்ளையிங் கோர் படையோடு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். 1916 நவம்பர் 23 அன்று ஜெர்மானிய விமானி ரிக்தோஃபனுடன் நேருக்கு நேர் மோதி, 25 வயதில் வீழ்ந்தார். அவருக்குக் கிடைத்த இரு பெரிய விருதுகளை வைத்தே, வீரத்தைப் பதக்கத்தால் அளக்கும் வழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட முடியும்.

முதலில் நிறை. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் கோன்ட்ரோடில் இருந்த செப்பலின் வான்கப்பல் கொட்டகையைத் தாக்கியபோது, ஜெர்மானியர்கள் கட்டிப் பறக்கவிட்டிருந்த பலூனையே கேடயமாக்கி, தரையிலிருந்து வந்த குண்டுகளைத் தவிர்த்தார். அதற்காக டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர் (டி.எஸ்.ஓ.) விருது கிடைத்தது. ஜூலை 25இல் தன்னந்தனியாக மூன்று எதிரி விமானங்களைத் தாக்கினார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அதன் பாராட்டுரை முடிவை மட்டும் பார்க்கவில்லை. எதிரி விமானம் ஒவ்வொன்றிலும் இருவர் இருந்தனர், எல்லாவற்றிலும் இயந்திரத் துப்பாக்கி இருந்தது என்பதையும் பதிவுசெய்தது. வென்ற எண்ணிக்கையை விட ஏற்ற ஆபத்துக்கு மதிப்புத் தந்த நேர்மை அது. செயல் நடந்து ஒரு மாதத்துக்குள் அரசிதழில் அறிவிப்பு வந்ததும் பாராட்டத்தக்கது.

இனி குறை. ஜூலை 25 அன்று அவர் ஓட்டிய பிரிஸ்டல் ஸ்கவுட் விமானத்தில், சுழலும் புரொபெல்லரில் படாமல் சுட லூயிஸ் துப்பாக்கி சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தது. அந்த அமைப்பில் மெக்கானிக் எர்னஸ்ட் எல்ட்டனின் உழைப்பும் இருந்தது. பதக்கத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 1916இல் 24ஆம் ஸ்குவாட்ரன் ஹாக்கரின் தலைமையில் இருந்தபோது, அதன் டி.எச்.2 விமானங்கள் கட்டுப்பாடிழந்து சுழன்று விழுந்தன, விமானிகள் மாண்டனர். மற்றவர்கள் அந்த விமானத்தைக் கண்டே அஞ்சினர். ஹாக்கர் தாமே மேலே ஏறி, வேண்டுமென்றே அதைச் சுழலவிட்டு, ஒவ்வொரு முறையும் மீட்டுக் காட்டினார். பிறகு கீழே வந்து அந்த முறையைத் தம் விமானிகளுக்கு விளக்கினார். எதிரியே இல்லாத வானில், பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்த செயல் இது. இதற்கென்று அவருக்குப் பதக்கம் எதுவும் இல்லை. எதிரியின் முன் காட்டும் துணிவையே அன்றைய விருதுகள் பெரிதாகக் கண்டன.

அந்த வழக்கம் திருந்தவும் செய்தது. எதிரியோடு மோதாத பறத்தலில் காட்டும் துணிவுக்கென 1918 ஜூனில் ஏர் ஃபோர்ஸ் கிராஸ் தோன்றியது. ஆனால் அதுவும் அதிகாரிகளுக்கே. கீழ்நிலையினருக்குத் தனிப் பதக்கம். துணிவைப் பதவியால் பிரித்த இந்த ஏற்பாடு நீங்க 1993 வரை ஆனது.

பதக்கம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒரு நாளின் துணிவுக்கு அது நல்ல சாட்சி. ஒரு படைத்தலைவனின் முழு மதிப்பையும் அதிலிருந்து படித்துவிட முடியாது. ஹாக்கரின் பதக்கங்கள் அவர் எதிரியை வீழ்த்தியதைச் சொல்கின்றன. தம் ஆட்களை விழாமல் காத்ததை நாம்தான் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். என் கணிப்பில், அவருடைய தலையாய சாதனை அதுதான்.