ஏற்றிவிடும் ஊசி, கொண்டு சேர்க்குமா?

மிரளும் குதிரையை வண்டியில் ஏற்ற மயக்க ஊசி போடுவது பல நாடுகளிலும் வழக்கமாகிவிட்டது. பந்தயக் குதிரையோ, சவாரிப் பள்ளிக் குதிரையோ, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் குதிரையோ, வண்டியில் ஏற்றும் பலகையைக் கண்டதும் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு எழும்பினால் சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவர் "ஊசி போட்டுடலாமா?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வியை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. 450 கிலோ எடையுள்ள குதிரை உயிர்பயத்தில் துள்ளும்போது அது நிற்கும் அறைக்குள் மனிதர் யாரும் இருக்கக் கூடாது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு விமானத்தில் போன மார்க்கம் என்ற அமெரிக்கக் குதிரை வழியில் மிரண்டது. யாராலும் அடக்க முடியாமல் அதை விமானத்திலேயே கொல்ல வேண்டியதாயிற்று. அதன் சவாரி வீரர் மைக்கேல் பிளம் இரவல் கிடைத்த வேறொரு குதிரையில் ஏறிப் போட்டியிட்டார். அப்படியொரு நிலைமை வருவதற்கு முன்பே மருந்து கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. வயிற்று வலியில் புரளும் குதிரையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது நியாயம் இன்னும் கூடுகிறது. சைலசின் போன்ற மருந்து குதிரையை அமைதிப்படுத்துவதோடு வலியையும் தணிக்கும். வெள்ளத்திலோ தீ விபத்திலோ லாயத்தைக் காலி செய்யும்போதும் பக்குவமாகப் பழக்கிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்த்து, முடிவெடுத்து, கூடவே வரும் பயணங்கள் இவை. இவற்றைப் பற்றி எனக்கு மறுப்பே கிடையாது.

ஊசி அன்றாட வழக்கமாவதைத்தான் மறுக்கிறேன். முதல் காரணம் நேரக் கணக்கு. நரம்பில் ஏற்றிய சைலசின் ஏறக்குறைய அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரம் வேலை செய்யும். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிச் சந்தை கூடும். கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகள் பல விலைபோகும். அங்கே போட்ட ஊசி பவானியைக் கடந்து கொஞ்ச தூரத்திலேயே தெளியத் தொடங்கிவிடும். சேலம்–கோவை நெடுஞ்சாலையின் இரைச்சலில், புது லாரியில், முகம் தெரியாத ஆட்களுக்கு நடுவே அந்தக் குதிரை விழித்துக்கொள்ளும். எப்படி அங்கே வந்தோம் என்று அதற்குத் தெரியாது. நீண்ட நேரம் வேலை செய்யும் அசிபுரோமசினிடம் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஏற்கெனவே மிரண்டு வியர்த்து நிற்கும் குதிரையிடம் அது சரியாகப் பலிக்காது. பலிக்கவில்லையே என்று இன்னொரு ஊசி போடுவார்கள். அந்த மருந்து இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். ஆண் குதிரைகளுக்குக் குறி வெளியே தொங்கி உள்ளே திரும்பாமல் போகும் ஆபத்தும் உண்டு. கலங்கி நிற்கும் மனிதர்கள் கையில் இரண்டாவது ஊசி இருப்பதுதான் எனக்குப் பெரிய அச்சம்.

இரண்டாவது காரணம் கால்கள். ஓடும் லாரியில் நிற்கும் குதிரையின் கால்களை மட்டும் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கும். பிரேக் போட்டதும் அந்தப் பாரம் இன்னும் முன்னே சரியும். குளம்புகள் அகலும், தோள் இறுகும், கழுத்து மேலே போகும். வளைவில் வண்டி திரும்பினால் ஒரு பக்கத்துக் கால்கள் ஊன்றிக்கொள்ள, மறுபக்கத்துக் கால்கள் இடம் தேடும். வழி நெடுக அதற்கு ஓய்வே கிடையாது. இந்த வேலைக்கு வேண்டிய விழிப்பையும் தசைப் பிடிப்பையும்தான் மருந்து எடுத்துக்கொள்கிறது. சைலசின் ஏறிய குதிரையின் தலை தொங்கும், பின்னங்கால்கள் பின்னும். பார்ப்பவர்களுக்கு அது சாந்தமாகத் தெரியும். ஆனால் சத்தத்துக்கும் தொடுதலுக்கும் அது இன்னும் மிரளும். முன்னறிவிப்பே இல்லாமல் பின்னங்காலை வீசும். அதன் பின்னால் நின்று தாழ்ப்பாள் போடும் கிளீனர் பையனிடம் இதை யாரும் சொல்வதில்லை.

ஊசிக்கு அடுத்து நம்புவது கயிற்றை. தலையை உயர்த்திக் கம்பியோடு இறுக்கிக் கட்டிவிட்டால் பக்கத்துக் குதிரையைக் கடிக்காது, திரும்பிப் பார்க்காது, கயிற்றில் கால் மாட்டிக்கொள்ளாது. மூன்றும் உண்மை. ஆனால் குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றும். ஆஸ்திரேலியாவில் ரேக்லிஃப்ட், லவ் என்ற இருவர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், தலை உயர்த்திக் கட்டப்பட்ட நல்ல ஆரோக்கியமான குதிரைகளுக்கும் மூச்சுக்குழாயின் கீழ்ப்பகுதியில் கிருமிகள் பெருகின. நெடும்பயணம் முடிந்து இறங்கிய குதிரை காய்ச்சலும் நிமோனியாவுமாகப் படுத்துவிட்டால் இங்கே பழி பெரும்பாலும் ஊர்த் தண்ணீர் மேலும் பருவநிலை மேலும்தான் விழும். கட்டிய கயிற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. குட்டையாகக் கட்டத்தான் வேண்டும் என்றால், நடுநடுவே நிறுத்தி, அவிழ்த்து, தரையில் வைக்கோலும் தண்ணீரும் காட்டித் தலையைத் தாழ்த்த விட வேண்டும். அதற்கான நேரத்தையும் வாடகையில் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும்.

குதிரை எந்தப் பக்கம் பார்த்து நிற்பது நல்லது என்ற விவாதமும் உண்டு. 1996இல் நடாலி வாரன் குழு செய்த சோதனையில், பின்புறம் பார்த்து நின்ற குதிரைகளின் இதயத்துடிப்பு குறைவாக இருந்தது. மற்ற ஆய்வுகளில் முடிவு அவ்வளவு தெளிவாக இல்லை. குதிரைக்குக் குதிரை வேறுபடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தனியாகப் போகும் குதிரையின் முன் கண்ணாடி வைத்தால் பதற்றம் தணிகிறது என்று 2009இல் கே, ஹால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். ஆனாலும் உயிருள்ள துணைக்கு ஈடில்லை. பழகிய கிழட்டுப் பெண் குதிரை ஒன்று பக்கத்தில் நின்றால் போதும்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் ஒரு வண்டிக்கு நான்கு முதல் ஆறு குதிரைகள் என்று வரம்பு வைக்கின்றன. குதிரைகளுக்கு நடுவே மூங்கில் கம்பு, தரையில் வழுக்காத விரிப்பு, மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்று விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். அக்கறையோடு எழுதிய விதிகள்தான். ஆனால் இன்றைய நான்குவழிச் சாலையில் 35இல் போகும் லாரியைக் காண்பது அரிது. பின்னால் வரும் பேருந்தின் ஹாரனே குதிரையைக் கலக்கிவிடும். திடீர் பிரேக்கும் திடீர் திருப்பமும் கூடாது என்பதை ஓட்டுநருக்குச் சொல்லி, அதற்கேற்பக் கூலி கொடுப்பது அந்த வேக வரம்பைவிடப் பயன் தரும்.

மிச்சமிருப்பது பழக்குவது. ஆஸ்திரேலியக் குதிரை வளர்ப்பாளர்களிடம் பார்பரா படலினோ குழு நடத்திய கணக்கெடுப்பில், தானாகவே ஏறப் பழக்கிய குதிரைகளிடம் பயணச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. பழக்கும் முறையில் வித்தை ஒன்றும் இல்லை. முதலில் பலகையை வெறும் தரையில் போட்டு அதன் மேல் நடத்த வேண்டும். குளம்பு பட்டு எழும் சத்தம் பழகட்டும். பிறகு நிற்கும் வண்டி. உள்ளே இருட்டாக இல்லாமல் வெளிச்சம், ஒரு கை கொள்ளு, ஏறினால் உடனே இறங்கவும் விடுவது. பிறகு எஞ்சின் ஓட நிற்பது, அதன் பின் தெருமுனை வரை ஒரு சுற்று. மயக்கத்தில் ஏறிய குதிரை இதில் எதையும் கற்றுக்கொள்ளாது. அடுத்த முறையும் அதே பலகை முன் அதே பயத்தோடுதான் நிற்கும்.

இதற்கெல்லாம் சில வாரம் ஆகும். சந்தையில் வாங்கியவர் அன்றிரவே ஊர் திரும்ப வேண்டும். லாரியை மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தி, ஒருவர் முன்னே இழுக்க, இருவர் பின்னே கயிறு போட்டுத் தள்ள, வாங்கிய குதிரையை ஏற்றுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழக்க வேண்டியவர் விற்பவர். அவரைப் பழக்க வைக்கும் பலமோ வாங்குபவரிடம்தான் இருக்கிறது. சுழி பார்க்கிறோம், வாயைத் திறந்து பல் பார்த்து வயது சொல்கிறோம், நடத்திக் காட்டச் சொல்கிறோம். விலை பேசுவதற்கு முன் வண்டியில் ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்டுங்கள் என்றும் கேட்கலாம். ஏறாத குதிரைக்கு விலை குறையும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த ஆடிக்குள் வளர்ப்பவர்கள் வீட்டு வாசலில் பலகை போட்டுவிடுவார்கள்.