மாயக் கதைக்கு உபயம்: ஆரணியிலிருந்து அடியேன்

இன்னும் வெளிவராத கதைக்கு முன்கூட்டியே காசு கட்டிவிட்டுக் காத்திருக்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவனிடம் கேளுங்கள். ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டு ஜக்கார்டு அட்டை குத்துவது என் பிழைப்பு. பேயும் பூதமும் விண்கலமும் வருகிற கதைகளுக்குக் காசு அனுப்புவது என் பித்து. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க ஜக்கார்டு தறியின் துளை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். ஆகவே கம்ப்யூட்டர் கதை, ரோபோ கதை எல்லாவற்றிலும் எங்கள் தொழிலுக்குப் பங்கு உண்டு!

2022 மார்ச் மாதத்தை நான் மறக்க மாட்டேன். பிராண்டன் சாண்டர்சன் என்கிற அமெரிக்க மாயக்கதை எழுத்தாளர், கொரோனா காலத்தில் யாருக்கும் சொல்லாமல் நாலு நாவல் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி, கிக்ஸ்டார்ட்டர் என்கிற இணைய வசூல் தளத்தில் நேராக வாசகர்களிடமே கை நீட்டினார். கேட்டது 10 லட்சம் டாலர். மாதக் கடைசியில் சேர்ந்தது 4 கோடியே 17 லட்சம் டாலர். கொடுத்தவர்கள் 1,85,341 பேர். அந்தக் கடைசி ஒன்று நான்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மின்னூலுக்கு மட்டும் 40 டாலர், அன்றைக்கு மூவாயிரம் ரூபாய் சொச்சம். அடுத்த ஜனவரியில் முதல் நாவல் போனில் வந்து இறங்கியது. அதில் வருகிற கடலில் தண்ணீரே கிடையாது, பச்சைப் பசேலென்று வித்துத் தூள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், கொடியாக வெடித்து முளைக்கும். அதன் மேல் கப்பல் ஓடுகிறது! அட்டை குத்துகிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் படித்தேன்.

இத்தனைக்கும் கதைக்கு ஊரே சேர்ந்து காசு போடுவது எங்கள் பக்கத்துக்குப் புதுசே இல்லை. ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், ராத்திரி விடிய விடியக் கூத்து. செலவுக்குத் தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி, நோட்டுப் போட்டு வசூல் செய்வார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு ராத்திரிக்கும் ஓர் உபயதாரர். கூத்து நடுவில் கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்ன தெரு இன்னாருடைய அன்பளிப்பு நூற்றியொரு ரூபாய் என்று மைக்கில் கூவுவான். சினிமாவில் கடைசியில் பொடி எழுத்தில் ஓடுகிற நன்றிப் பட்டியலெல்லாம் இதன் கால் தூசு பெறாது.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது தெரியுமா? அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் கிரீடமும் புஜகீர்த்தியுமாக உயரமான தபசு மரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறிகிற எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே மடியேந்திப் பெண்கள் காத்திருப்பார்கள். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் ஆன பூதாகாரமாக மல்லாந்து கிடப்பான். அவன் தொடைக்குள் செந்நீர்ப் பானை புதைத்திருக்கும். பீமன் கதாயுதத்தால் ஓங்கி அடித்ததும் சிவப்பு பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். கிராபிக்ஸ் என்றால் இது கிராபிக்ஸ்! செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்துக்காரர்கள் கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையே கூத்தாக்கி ஆடியவர்கள். மாயக் கதையை ஊர்க் காசில் நடத்துவதற்கு எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

சினிமாவுக்கு வருவோம். சியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம் என்பது பலருக்குத் தெரியும். அது மண்ணில் நடக்கிற கதை. எனக்கு வேண்டியது கனவில் நடப்பது. அதைக் கன்னடத்தில் இயக்குநர் பவன் குமார் செய்து காட்டினார். தயாரிப்பாளர்கள் கைவிரித்த ஆத்திரத்தை இணையத்தில் எழுதித் தீர்த்தார். அதைப் படித்தவர்கள் 27 நாளில் ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய் கொட்டினார்கள், 110 பேர். தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டுகிற ஒருவன், தூக்கம் வராமல் மாத்திரை போட்டு, கனவில் சினிமா நட்சத்திரமாக வாழ்கிற ‘லூசியா’ 2013இல் வந்தது. லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருதும் வாங்கியது. தமிழில் சித்தார்த் நடித்த ‘எனக்குள் ஒருவன்’ இதுதான். அந்த 110இல் நான் இல்லையே என்கிற வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

தமிழில் லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ இருக்கிறது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கிவைக்கப்பட்ட புதிரை வண்ணார் வீட்டுப் பெண் தெய்வமாகிற கதை, மக்களிடம் திரட்டிய பணத்தில் எடுத்தது. 2019இல் பூசான் விழாவுக்குப் போனது. சிறுதெய்வக் கதையை மாயக்கதை வரிசையில் சேர்க்கலாமா என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், நான் சேர்ப்பேன். பசுவும் புலியும் பேசுகிற ‘புண்யகோடி’ என்கிற சமஸ்கிருத அனிமேஷன் படமும் இப்படித்தான் விஷ்பெர்ரி தளத்தில் காசு திரட்டி எழுந்தது. இசை யார்? இளையராஜா! 2020இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது.

செவ்வாய்க் கிரகத்தில் அய்யனார் கோயில் என்று ஒரு கதையை எடுத்துக்கொண்டு பெரிய தயாரிப்பாளர் முன்னால் போய் நின்று பாருங்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, போடுவது கோடிகள். அதே கதையை ஆயிரம் பேர் முன்னால் வையுங்கள். ஆளுக்கு ஐந்நூறு போனால் யார் குடியும் முழுகாது. இந்தக் கணக்குதான் எனக்குப் பிடித்தது. ஒரே ஆள் பயப்படுகிற இடத்தில் ஆயிரம் பேர் விளையாட்டாகத் துணிந்துவிடுகிறார்கள்.

தாமதம் உண்டு, மறைக்கவில்லை. நான் காசு போட்ட சித்திரக்கதை ஒன்று சொன்ன தேதியைத் தாண்டி எத்தனையோ மாதம் ஆகிறது. வரைகிறவர் அவ்வப்போது பென்சில் கோட்டில் ஒரு பக்கத்தை அனுப்பிச் சமாதானம் செய்கிறார். நாலு கை ராட்சசி ஒருத்தி மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற படம் போன முறை வந்தது. அதற்கே கொடுத்த காசு செரித்துவிட்டது. இன்னொரு சின்னத் தொகுப்பு ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தது. நன்றிப் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆரனி’ என்று அச்சிட்டிருந்தார்கள். மூன்று சுழி போனால் போகட்டும் என்று தறிக்குத் தறி கொண்டுபோய்க் காட்டினேன்.

நீங்களும் இறங்குவதென்றால், கேட்கிறவர் இதற்கு முன் எதையாவது முடித்துக் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அச்சுக்கும் தபாலுக்கும் எவ்வளவு ஆகும் என்று அவரே கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குக் காசு போடாதீர்கள். போடுகிற தொகை போனாலும் பரவாயில்லை என்கிற அளவில் இருக்கட்டும். அப்புறம், கோடையில் பாரத வசூல் நோட்டோடு யாராவது வாசலுக்கு வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பாதீர்கள். தலைக்கட்டு வரியைக் கொடுங்கள், முடிந்தால் ஒரு ராத்திரிக்கு உபயமும் எழுதுங்கள். போனில் ஒரு விண்கலக் கதைக்கு ஐந்நூறு போட அதற்கப்புறமும் காசு மிஞ்சும்.