வீரர் கதையில் அவலச் சுவை

ஜப்பானியத் தொலைக்காட்சியின் வீரர் கதைகளைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் பலர். ஒதுக்குதற்குக் காரணமும் உண்டு. வாரந்தோறும் ஒரு கதை. அரை மணி நேரத்திற்குள் அது முடிய வேண்டும். அரக்கன் ஒருவன் தோன்றுவான்; ஊர் நடுங்கும்; இளைஞன் ஒருவன் உருமாறி அவனை வீழ்த்துவான். மருட்கையும் பெருமிதமுமே இவ்வகைக்கு உரிய மெய்ப்பாடுகள். இந்தக் கட்டுக்குள் அழுகையையும் இளிவரலையும் கொண்டுவந்து நிறுத்தினார் ஒருவர். அவர் திரைக்கதை ஆசிரியர் உவெஹரா ஷோசோ.

1937இல் ஒக்கினாவாவின் நாஹா நகரில் பிறந்தவர் அவர். ஒக்கினாவா முன்னாளில் ரியூக்யூ என்னும் தனியரசு. 1945இல் பெரும்போரில் அழிந்த நிலம். 1972 மே வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அதே தீவில் வளர்ந்த கின்ஜோ தெட்சுவோ என்னும் எழுத்தாளரே, 'அல்ட்ராமேன்' கதைகளை உருவாக்கிய சுபுராயா நிறுவனத்திற்கு இவரை அழைத்துச் சென்றார். கின்ஜோ இரு நிலங்களுக்கும் பாலமாக விரும்பியவர். உவெஹராவின் கதைகளிலோ பாலம் இல்லை. வீடிழந்தவன் வீடிழந்தவனாகவே நிற்கிறான்.

அவருடைய ஆற்றலை அறிய ஒரு கதை போதும். 'திரும்பிவந்த அல்ட்ராமேன்' தொடரில் 1971 நவம்பரில் ஒளிபரப்பான 33ஆம் கதை அது. ஆற்றங்கரைக் குடிசையில் ரியோ என்னும் சிறுவன் வாழ்கிறான். தாய் இறந்தாள், பிழைப்புத் தேடிப் போன தந்தை திரும்பவில்லை. அவனைக் காத்து வளர்ப்பவர் கனயாமா என்னும் முதியவர். அவர் உண்மையில் வேற்றுக் கோளினர். மாசுற்ற காற்றால் நோயுற்றவர். அவருடைய விண்கலம் மண்ணுள் புதைந்து கிடக்கிறது. அதைத் தேடியே ரியோ நாள்தோறும் குழி தோண்டுகிறான். ஊரார் அவனை விண்ணவன் என ஏசுகின்றனர். பள்ளிச் சிறுவர் அவனைக் கழுத்தளவு மண்ணில் புதைக்கின்றனர். ஒருநாள் கூட்டம் குடிசைக்குத் திரண்டு வருகிறது. சிறுவனைக் காக்க வேண்டித் தாமே விண்ணவர் என்று வெளிப்படுகிறார் முதியவர். காவலர் துப்பாக்கி அவரைக் கொல்கிறது. அவர் தம் மனவலியால் நிலத்தடியில் அடக்கி வைத்திருந்த முருச்சி என்னும் அரக்கன் அந்நொடியே எழுகிறான். கொன்ற கூட்டமே, காப்பாற்று என்று வீரனிடம் அலறுகிறது.

வீரன் அசையவில்லை. அரக்கனை அழைத்தவர் நீங்களே என்று அவன் உள்ளம் வெறுக்கிறது. படைத்தலைவர் துறவிக் கோலத்தில் வந்து கடிந்த பின்னரே மழையில் எழுந்து போரிடுகிறான். வெற்றி கிட்டுகிறது, மகிழ்ச்சி கிட்டவில்லை.

கனயாமா என்பது ஜப்பானில் வாழும் கொரியர் பலர் புனைந்துகொண்ட பெயர். 1923 செப்டம்பர் நிலநடுக்கத்தின் பின், கிணற்றில் நஞ்சிட்டனர் என்ற பொய் வதந்தியால் கொரியர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். அக்கொலையே தம் கருத்தில் இருந்தது எனப் பிற்காலத்தில் ஆசிரியரே கூறியுள்ளார். தொலைக்காட்சி நிலையத்தார் இக்கதைக்குத் தயங்கினர். சில காட்சிகளை மாற்றி எடுத்த பின்பே ஒளிபரப்பினர்.

சிறுவர்க்கு இத்தனை கசப்புத் தகுமா என்று கேட்கலாம். ரொட்டிக் கடைப் பெண்ணை நோக்குக. தாய் விற்க மறுத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு, குடை பிடித்து ரியோவின் பின்னே ஓடுகிறாள். அவன் இரக்கம் வேண்டாம் என்கிறான். இரக்கமன்று, தங்கள் கடை ரொட்டிக் கடை, அதனால் விற்கிறேன் என்கிறாள். அறம் பேசாமல் அறம் செய்யும் இடம் இது. இவ்வொரு காட்சி இல்லையேல் கதை வெறும் வசையாகியிருக்கும். பார்க்கும் சிறுவன் தான் யாராக இருக்கலாம் என்பதை இவளிடமே காண்கிறான்.

1975இல் தொடங்கிய 'கோரெஞ்சர்' வண்ணமும் நகையும் மிக்க தொடர். ஆயினும் அதன் ஐவரும் தத்தம் பாசறை அழிந்தபின் தனியே எஞ்சியவர். 1982இன் 'காபன்' தொலைந்த தந்தையைத் தேடுபவன், கண்டதும் இழக்கிறான். 1983இன் 'ஷரிவன்' அழிந்த கோளிலிருந்து சிதறிய இனத்தின் வழித்தோன்றல். மூன்றிலும் வேர் ஒன்றே.

எனினும் 1971இன் கூர்மை இவற்றில் இல்லை. வாரக் கதைகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை, அதுகூடப் பெரிதன்று. பகைவன் முற்றிலும் வெளியிலிருந்து வருகிறான்; அண்டை வீட்டார் குற்றமற்றவராகி விடுகின்றனர். 'ஷரிவன்' முடிவில் இழந்த கோள் மீள்கிறது. சிறுவர் களித்திருப்பர், ஆனால் மீட்பு அத்தனை எளிதென்று ஆற்றங்கரைக் கதை சொல்லவில்லை.

2017இல், எண்பதாம் அகவையில், போருக்குப் பிந்திய ஒக்கினாவாச் சிறுவரைப் பற்றிக் 'கிஜிமுனா கிட்ஸ்' என்னும் நாவலை வெளியிட்டார் உவெஹரா. தம் நிலத்தை முகமூடி எதுவுமின்றி அதில் எழுதினார். 2020 ஜனவரியில் மறைந்தார்.