தாராவி போர்டில் 'பாலூ தம்பி'

மும்பையில் தமிழ் போர்டு அடிப்பவர் தமிழை மட்டும் பார்த்தால் போதாது. மகாராஷ்டிர அரசின் 2022 சட்டத் திருத்தப்படி கடைப் பெயர் தேவநாகரி எழுத்தில், மராத்தியில் இருந்தாக வேண்டும். மற்ற மொழி எழுத்து அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தாராவி 90 அடி சாலை மளிகைக் கடையானாலும் மாட்டுங்கா பூக்கடையானாலும், இரண்டு எழுத்தும் ஒரே கனத்தில் நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி.

இந்த வேலைக்கு நான் எடுத்துக்கொண்டது 'பாலூ தம்பி 2'. மும்பை ஏக் டைப் நிறுவனத்தின் எழுத்துரு. தமிழை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். இதே குடும்பத்தில் தேவநாகரிக்கு 'பாலூ', மலையாளத்துக்கு 'பாலூ சேட்டன்'. முதல் பாலூவில் ஒரே தடிமன்தான். இதில் 400 முதல் 800 வரை ஐந்து. காசு கிடையாது, கடை வேலைக்கும் தடையில்லை. (விண்டோஸ் கணினியில் பல வருடம் நாம் பார்த்த 'லதா'வும் மும்பையில் ஆர். கே. ஜோஷியின் மேற்பார்வையில் உருவானதுதான். தமிழ் எழுத்துக்கு இந்த ஊர் புதிதல்ல.)

'கண்ணன் மளிகை' என்று அடித்து, மேலே மராத்தியிலும் அதையே வைத்துப் பார்த்தேன். தேவநாகரிக்குத் தலைக்கோடு உண்டு, தமிழுக்கு இல்லை. சாதாரணமாகத் தமிழ் வரி இளைத்துத் தெரியும். இங்கே கனம் ஒத்துப்போகிறது. முனைகள் உருண்டவை, புள்ளி குண்டாக, தூரத்திலும் காணாமல் போகாதபடி உட்கார்ந்திருக்கிறது. சிக்கல் 'ண்ண'வில். 800-இல் சுழிகளுக்கு நடுவே வெள்ளை குறைந்து, விசிட்டிங் கார்டு அளவில் மை அடைத்துக்கொள்கிறது. போர்டுக்கு 800, கார்டுக்கு 600 என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணப் பத்திரிகைக்கோ செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் விழா அழைப்புக்கோ தம்பியைக் கூப்பிட மாட்டேன். அவன் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அதற்கு 'நோட்டோ செரிஃப் தமிழ்', 900 தடிமனில். கோடு தடித்தும் மெலிந்தும் ஓடுவதால் ஒரு மிடுக்கு வருகிறது. ஆனால் அதையே பின்னால் விளக்கெரியும் போர்டில் போட்டால் மெல்லிய கோடுகளை வெளிச்சம் தின்றுவிடும். வினைல் வெட்டி ஒட்டினாலோ, முதலில் உரியும் இடமும் அதுவே.

ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகும்முன் ஒன்று. அங்குள்ள பழைய வரைகலை மென்பொருள்களில் யூனிகோடு தமிழ் உடையும். 'கொ' எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் அடித்து, எழுத்தைக் கோட்டுவடிவமாக மாற்றி (கர்வ் ஆக்கி), பிடிஎஃப்பாகக் கொடுங்கள். கர்வ் ஆக்கியபின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. அதற்குமுன் வீட்டில் இன்னொருவரிடம் காட்டிவிடுங்கள்.